டிசம்பர் மாதத்துச் சுற்றுலாத் தலம்

முனியராஜ் சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்கிறவன். 'சுற்றுலாத் தலம்' என்ற சொல்லை இத்தனை வருடத்தில் எத்தனை படத்துக்குக் கீழே ஒட்டியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. அருவிப் படம் வந்தால் 'இயற்கை எழில் கொஞ்சும் சுற்றுலாத் தலம்'. கோட்டை வந்தால் 'வரலாற்றுச் சிறப்புமிக்க சுற்றுலாத் தலம்'. அருவியா, கோட்டையா, யாரோ ஒருவரின் தோட்டமா என்று கண்டுபிடிக்க முடியாத படம் வந்தால் 'அமைதி தவழும் சுற்றுலாத் தலம்'. சமையற்கட்டில் உப்பு டப்பா போல அந்தச் சொல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை.

யோசிக்க வேண்டிய நாளும் வந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அவனேதான். ஆகையால் அவனுக்காக யாரும் பரிதாபப்பட வேண்டாம்.

சிவகாசியில் காலண்டருக்கு வருடம் பிறப்பது ஜனவரியில் இல்லை, ஆடிப்பெருக்கில். அன்றைக்குத்தான் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்களைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு ஏஜென்டுகளிடம் கொடுப்பார்கள். போன வருடம் ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள், வெள்ளைத்துரை அண்ணாச்சியின் அச்சகத்தில் 'தமிழகச் சுற்றுலாத் தலங்கள்' என்ற பன்னிரண்டு தாள் காலண்டரில் ஒரு படம் குறைந்தது. டிசம்பருக்கு என்று யாரோ வாட்சப்பில் அனுப்பியிருந்த கோட்டைப் படம், பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. அச்சுக்குப் பிளேட் போடுகிறவன் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தான். முனியராஜ் தன் போனைத் துழாவி, தன் ஊர்க் கண்மாயைத் தானே எடுத்த ஒரு படத்தை அங்கே வைத்துவிட்டான்.

படம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வினை. மழைக்குப் பிறகு எடுத்தது. கண்மாய் நிறைந்து கிடக்க, கரையில் கூரையில்லாத கல்மண்டபம் ஒன்று நாலு பக்கமும் வாசலோடு நின்றது. சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்து, காலை வெயில் ஒரு வாசலில் நுழைந்து மறுவாசல் வழியாகத் தண்ணீரில் விழுந்தது. 'வெயிலுகந்தபட்டி – அமைதி தவழும் சுற்றுலாத் தலம்' என்று அடியில் ஒட்டினான். வேலை முடிந்தது.

அது மண்டபம் இல்லை. மூடிக்கிடக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனியின் மருந்து ரூம். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம் அது வெடித்தது. முனியராஜின் அண்ணன் ஊர்க்காவலனும் இன்னும் மூன்று பேரும் அதில் போனார்கள். கம்பெனிக்கு லைசென்ஸ் ரத்தானது, சுவர் மட்டும் மிஞ்சியது. இவ்வளவும் தெரிந்துதான் அன்றைக்கு வண்டியை நிறுத்தி அதைப் படம் எடுத்தான். அழகாக இருந்தது, எடுத்தான். எடுத்த பிறகு, அண்ணன் செத்த இடம் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறதே என்று வெட்கப்பட்டான். வெட்கப்பட்டவன் படத்தை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை.

காலண்டர் அச்சாகி, ஆணியில் தொங்கி, ஒவ்வொரு தாளாகக் கிழிபட்டு, நவம்பர் கடைசிக்கு வந்தது. அப்போது அண்ணாச்சி முனியராஜைக் கூப்பிட்டார். அவர் முகம் திருவிழாவுக்குக் கிளம்பினவர் முகம் மாதிரி இருந்தது.

"ஏலே முனியா, ஈரோட்டுச் சீனிவாசகம் போன் பண்ணாரு."

ஈரோட்டில் பெரிய பாத்திரக்கடை வைத்திருக்கும் சீனிவாசகம்தான் அண்ணாச்சியின் ஆகப்பெரிய காலண்டர் பார்ட்டி. அவர் ஆர்டர் வந்தால்தான் மற்ற ஆர்டருக்குக் காகிதமே வாங்குவார்கள். அந்த மனிதருக்கு ஒரு கொள்கை. தான் பார்க்காத இடத்தைத் தன் கடைப் பெயர் போட்டு ஊருக்குக் கொடுப்பது பாவம் என்பது அவர் எண்ணம். அதனால் ஜனவரிப் படத்தை ஜனவரியில், பிப்ரவரிப் படத்தைப் பிப்ரவரியில் என்று மனைவியோடு காரில் போய்ப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். ஊட்டி, ஏற்காடு, பிச்சாவரம், குற்றாலம் எல்லாம் ஆயிற்று. பாக்கி டிசம்பர்.

"வெயிலுகந்தபட்டி எங்கன இருக்குன்னு கேட்டாரு. நம்மளுக்கு எங்கன தெரியும்? ஒன்னையக் கேட்டுச் சொல்றேன்னேன்" என்றார் அண்ணாச்சி.

முனியராஜ் மெல்லச் சொன்னான். "நம்ம ஊருதான் அண்ணாச்சி. நாரணாபுரம் தாண்டி மேக்க."

"நம்ம பக்கமா! இந்தா இருக்கற தூரத்துல ஒரு சுற்றுலாத் தலம் இருக்கு, இம்புட்டு வயசாச்சு, நான் பாத்ததில்லையே!" அண்ணாச்சிக்கு உண்மையிலேயே வருத்தம். பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் பக்கம் அவர் போனதில்லை. அவருடைய கார் மதுரை ரோட்டையும் திருச்செந்தூர் ரோட்டையும் தவிர வேறு திசை அறியாதது. "வார ஞாயித்துக்கிழமை அவுக வாராக. நானும் கூட வாரேன். அடுத்த வருச ஆர்டர அங்கனயே உறுதி பண்ணிருவாரு." பிறகு எதையோ முகர்ந்தவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "எடம் இருக்குல்லலே? அங்கன போய் நின்னு அவரு முகம் சுருங்குச்சுன்னா, மறுநாள் நீ இந்தப் படி ஏறாத."

முனியராஜ் வெடி மருந்துப் பக்கம் போகக் கூடாது என்று அண்ணன்தான் அவனை அச்சாபீசில் சேர்த்துவிட்டான். இந்த வேலை போனால் ஊரில் அவனுக்கு மிச்சமிருப்பது ஒரே வேலை. அது என்ன வேலை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஊருக்கு வந்து கருப்பணன் டீக்கடையில் விஷயத்தைக் கொட்டினான். தீபாவளி முடிந்து கம்பெனிகள் பூட்டிக்கிடந்த சமயம். ஊரே கையைக் கட்டிக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. வேலையில்லாத ஊருக்கு ஒரு வேலை கிடைத்தது. பொழுதடையும் முன்னால் எல்லாரும் டீக்கடை முன்னால் கூடிவிட்டார்கள். கேள்வி ஒன்றுதான்: சுற்றுலாத் தலம் என்றால் என்ன?

"பாக்கறதுக்கு ஏதாவது இருக்கணும்" என்றான் கருப்பணன். அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. அந்தக் கணக்கில் ஊர் தேறாது என்பதும் பட்டது.

லோடு வேன் ஓட்டுகிற பாண்டி சிரித்தான். பட்டாசுப் பெட்டி ஏற்றிக்கொண்டு அவன் போகாத ஊர் கிடையாது. இந்தப் பேச்சில் அவனை விட்டால் பண்டிதன் இல்லை. "பாக்கறதுக்கு இருக்கணும்னு எவன்லே சொன்னான்? கொடைக்கானல்ல தற்கொலைப் பாறைன்னு ஒண்ணு. நான் மூணு தடவ போயிருக்கேன். மூணு தடவயும் மேகம் மூடிக் கெடந்துச்சு, ஒண்ணுந் தெரியல. ஆனாலும் டிக்கெட் எடுத்து, ஒண்ணுந் தெரியாதத அம்புட்டுச் சனமும் பாத்துட்டுத்தான் வருது. பாக்க இருக்கறது முக்கியமில்ல. பாக்க வந்தவனுக்கு விக்க இருக்கணும்."

"என்னத்த விக்க?"

"சங்கு, பாசி, சிப்பியில பேரெழுதின கண்ணாடி."

"கடலு எங்கனலே இருக்கு நம்மூர்ல?"

"ஊட்டியில எந்தக் கடலு இருக்கு? அங்கனயும் சங்குதான விக்கான்?"

பாண்டி மேலும் அர்த்தம் சொன்னான். சுற்றுலாத் தலம் என்றால் டீ விலை ஏறியிருக்க வேண்டும். குதிரை நிற்க வேண்டும். 'இங்கே குளிக்கக் கூடாது' என்று போர்டு இருக்க வேண்டும், அதன் கீழேயே நாலு பேர் குளிக்க வேண்டும். 'முன்னெல்லாம் நல்லா இருக்கும், இப்பத்தான் கெட்டுப்போச்சு' என்று சலித்துக்கொள்ள ஒரு பெரிய மனுசன் வேண்டும்.

"எல்லாத்துக்கும் மேல கூட்டம் வேணும்" என்றான். "ஊர்க்காரன் எவனும் எட்டிப் பாக்காத எடத்துக்கு வெளியூர்க்காரன் காசு செலவழிச்சு வந்து நிக்கணும். அதுக்குப் பேருதான் சுற்றுலாத் தலம்."

இங்கேதான் சிக்கல் வந்தது. வெளியூர்க்காரனுக்கு எங்கே போவது? ஊரில் பாதிப் பேர் ஊர்க்காரராகவும், பாதிப் பேர் சுற்றுலாப் பயணிகளாகவும் இருந்துகொள்ளலாம் என்று முடிவானது. யார் யார் சுற்றுலாப் பயணி என்று கேட்டதற்கு ஊரே கையைத் தூக்கியது. யார் ஊர்க்காரர் என்று கேட்டதற்கு ஒரு கையும் எழும்பவில்லை.

முனியராஜின் மனைவி பாண்டிச்செல்வி எழுந்து நின்றாள். "கல்யாணம் ஆனதுல இருந்து குத்தாலம் கூட்டிட்டுப் போறேன், குத்தாலம் கூட்டிட்டுப் போறேன்னு இந்த மனுசன் சொல்றாரு. இந்தா இருக்கற குத்தாலம். இன்னைக்கு வரைக்கும் போகல. நான் டூரிஸ்டாத்தான் இருப்பேன். வேற எவளாவது ஊர்க்காரியா இருந்துக்கிடட்டும்." பெண்கள் பக்கத்தில் அதற்கு ஏகப்பட்ட ஆதரவு. கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டியதாயிற்று. ஊர்க்காரராக விழுந்தவர்கள் தலைவிதியை நொந்துகொண்டார்கள்.

முனியராஜின் மனசு கூட்டத்தில் இல்லை. படத்தில் இருக்கும் அந்த நாலு சுவரைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை என்பதை அவன் கவனித்தான். குதிரை எங்கே நிற்கும், சங்குக் கடை எங்கே வரும் என்று எல்லாம் பேசினார்கள். பார்க்க வருகிறவர் எதைப் பார்க்க வருகிறார் என்பதை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்கள். அதைப் பேச வேண்டியது ஒரே ஒரு ஆளிடம்தான்.

அண்ணன் மனைவி அய்யம்மாள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். அன்று இரவு அவள் வீட்டுப் படியேறியவனுக்கு முதலில் கண்ணில் பட்டது சுவரில் தொங்கிய காலண்டர். போன தைப்பொங்கலுக்கு அவனே கொண்டுவந்து கொடுத்தது. அது டிசம்பரில் நின்றது. தாள் எதுவும் கிழிபடவில்லை, மற்ற பதினொரு மாதமும் முதுகுப் பக்கம் மடக்கிச் சொருகியிருந்தது. ஜனவரியிலிருந்தே அவள் வீட்டில் டிசம்பர்தான் நடந்திருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"மதினி" என்று ஆரம்பித்தான்.

"செல்வி சொல்லிட்டா. ஈரோட்டுல இருந்து வாராகளாம்ல" என்றாள் அய்யம்மாள். "நல்லாத்தான் எடுத்திருக்க. நெதமும் அந்தப் பக்கந்தான் போறேன், வாரேன். நேர்ல ஒண்ணுந் தெரியல. போட்டோவுலதான் தெரியுது."

"ஒங்களுக்குப் பிடிக்கலன்னா வேணாம் மதினி. நான் அண்ணாச்சிகிட்ட உள்ளதச் சொல்லிருதேன்."

"சொல்லிட்டு எங்கன போவ? மருந்து இடிக்கவா?" அவள் மடியிலிருந்த முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தாள். "வரட்டும். உள்ள போகும்போது செருப்பக் கழட்டச் சொல்லு. அது போதும். அங்கன நானே நிக்கேன். என்ன ஏதுன்னு கேட்டா சொல்றதுக்கு ஆளு வேண்டாமா?"

முனியராஜுக்குத் தெரியும்: மதினிக்குப் பொய் வராது. என்ன ஏது என்று அவர் கேட்டு, அவள் உள்ளதைச் சொன்னால், சீனிவாசகத்தின் முகம் சுருங்காமல் என்ன செய்யும்? இவளை வேண்டாம் என்று சொல்லவும் அவனுக்கு யோக்கியதை இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

ஊர் மும்முரமாக வேலையில் இறங்கியது. போர்டும் டிக்கெட்டும் முனியராஜ் பொறுப்பு. கழிவாக விழுந்த காலண்டர் அட்டையை வெட்டி நுழைவுச்சீட்டு அடித்தான். திருப்பிப் பார்த்தால் ஒன்றில் மயில் கால், ஒன்றில் முருகன் காது, ஒன்றில் ஒரு வேட்டி விளம்பரத்து மாப்பிள்ளையின் பாதி மீசை. 'ஆழமான பகுதி, இறங்காதீர்' என்ற போர்டைக் கண்மாயில் முழங்கால் தண்ணீரில் நட்டார்கள். பாண்டி சாத்தூரில் கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற குதிரை ஒன்றைப் பிடித்துவந்தான். அதனிடம் ஒரு கோளாறு இருந்தது. மேளம் அடித்தால்தான் நடக்கும், நிறுத்தினால் நின்றுவிடும். ஆகவே குதிரைக்குப் பின்னால் போக ஒரு தவில்காரரையும் அமர்த்தவேண்டி வந்தது.

கருப்பணனுக்கு வேறு கஷ்டம். டீ முப்பது ரூபாய் என்று அவன் வாயில் வரவே மாட்டேன் என்றது. முன்னால் ஒரு ஆளை நிறுத்தி, "டீ எவ்வளவு?" என்று கேட்கச் சொல்லிப் பழகினான். ஒவ்வொரு தடவையும் "முப்..." என்று ஆரம்பித்து, "பன்னெண்டு ரூவா குடுங்க" என்று முடித்தான். "மனசாட்சி உறுத்துதுலே" என்றான். "சுற்றுலாத் தலத்துல மனசாட்சிக்கு என்ன வேலை?" என்று பாண்டி அதட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயிலுகந்தபட்டியைப் பார்த்தால் அங்கேயே பிறந்தவனுக்கும் வழி தெரியாது. பாண்டிச்செல்வி கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாய், பிறந்ததிலிருந்து தண்ணீர் சுமந்த கண்மாய்க்கு முதுகைக் காட்டி நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சொந்தச் சித்தி அவளிடம் வந்து, "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டாள். "நாங்க மதுரைங்க, நீங்க?" என்றாள் இவள். இருவரும் ரொம்பச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். சொத்துத் தகராறில் அவர்கள் பேச்சு நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. 'ஆழமான பகுதி'யில் நாலு பேர் உட்கார்ந்து குளித்தார்கள். சங்குக் கடையில் சங்கு கிடைக்காமல் சங்குசக்கரம் பாக்கெட்டுகளை அடுக்கியிருந்தார்கள்.

இரண்டு கார் வந்து நின்றது. அண்ணாச்சி வெள்ளை வேட்டி சட்டையில் இறங்கினார். சீனிவாசகம் இறங்கும்போதே கைகூப்பினார். அவர் மனைவி கையில் கூடை, குடை, போன் எல்லாம் இருந்தது.

"ஏனுங்க, கூட்டம் அள்ளுதுங்க!" என்றார் சீனிவாசகம். "இத்தனை கூட்டம் வர்ற எடம், கூகுள்ல ஒரு வார்த்தை இல்லீங்களே?"

"இனிமேத்தான் போடுவாக" என்றார் அண்ணாச்சி, சில நாள் முன்புவரை அந்த ஊர் எங்கே இருக்கிறது என்றே அறியாதவர். டிக்கெட்டை வாங்கி, முருகன் காதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எல்லாம் நன்றாகவே நடந்தது. சீனிவாசகம் குதிரையில் ஏற, தவில் முழங்க, குதிரை ராஜநடை நடந்தது. தவில்காரர் வேர்வை துடைக்க நிறுத்தியபோது குதிரையும் நின்றது. "பழக்கம் அருமைங்க" என்று அவர் பாராட்டினார். கருப்பணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு "முப்பது ரூவா" என்று சொல்லியே விட்டான். சொன்ன வேகத்தில் குற்ற உணர்ச்சியில் ஆளுக்கு ரெண்டு வடையைச் சும்மா கொடுத்தான். ஊர்ப் பெரிய மனுசன் ஒருவர் வந்து, "முன்னயெல்லாம் இந்த எடம் எம்புட்டு அமைதியா இருக்கும் தெரியுமா? டூரிஸ்டு வந்து கெட்டுப்போச்சு" என்று மனதாரச் சலித்துக்கொண்டார். சீனிவாசகம் தலைகுனிந்து, "நாங்களும் வந்துட்டமுங்களே" என்று மன்னிப்புக் கேட்டார்.

பிறகு போனில் காலண்டர் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு, நாலு வாசல் சுவரைப் பார்த்து நடந்தார். முனியராஜ் பின்னாலேயே போனான்.

அய்யம்மாள் வாசலில் நின்றிருந்தாள். உள்ளே பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. வேறு அலங்காரம் இல்லை. "செருப்ப வெளிய விட்டுருங்க" என்றாள். விட்டார்கள். அண்ணாச்சியும் விட்டார்.

சீனிவாசகம் அண்ணாந்து நாலு புறமும் பார்த்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். "ஏனுங்கம்மா, இது யாரு கட்டினதுங்க? எந்தக் காலத்து மண்டபமுங்க?"

தவில் சத்தம் நின்றிருந்தது. சுற்றுலாப் பயணிகளாக இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார்கள்.

"மண்டபம் இல்லய்யா" என்றாள் அய்யம்மாள். "பட்டாசுக் கம்பெனி. இது மருந்து ரூமு. வெடிச்சுப் போச்சு. எங்க வீட்டுக்காரரு இங்கனதான் செத்தாக. ஊர்க்காவலன்னு பேரு. கூட மூணு பேரு."

அண்ணாச்சியின் முகம் வெளுத்தது. அவர் திரும்பி முனியராஜைப் பார்த்தார். "ஏலே, இதையாலே படமாப் போட்ட?" என்றார், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. முனியராஜ் தன் வேலையை அந்த இடத்திலேயே தலைமுழுகினான்.

சீனிவாசகத்தின் முகம் சுருங்கவில்லை. ஒரு அடி முன்னால் வந்து, "எப்படிங்கம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

அய்யம்மாள் சொன்னாள். "மத்தியானச் சோத்துக்கு முந்தி. தண்ணி தவிக்குதுன்னு வெளிய வந்திருக்காக. அந்தா, அந்த வேம்புக்குக் கீழதான் பானை இருந்துச்சு. குடிச்சிட்டாக. வெயிலுக்கு நெழல்ல நின்னுருக்காக. அப்படியே நின்னுருந்தா இன்னைக்கு இருப்பாக. கையில சொம்பு இருந்துச்சு. அது அடுத்த ஆளு சொம்பு. உள்ள இருந்து எடுத்துட்டு வந்தது. எடுத்த எடத்துல வைக்கணும்னு உள்ள போனாக. வச்சிட்டுத் திரும்பல. கூட வேலை பாத்த பிள்ளை, பொழைச்சு வந்தது, அது சொல்லிச்சு. சொம்பு இந்த மூலையில கெடந்துச்சு. ஒரு நசுங்கல் இல்ல. எங்க வீட்டுலதான் இருக்கு. அப்படி ஒரு ஆளு, என்ன செய்ய? எடுத்த பொருள எடுத்த எடத்துல வச்சாத்தான் தூக்கம் வரும் அவுகளுக்கு."

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். முனியராஜ் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றான். சொம்பு விஷயம் அவனுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி, போலீஸ், அடக்கம் எல்லாம் கூடவே இருந்து பார்த்தவன். ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று மதினியிடம் அவன் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் மனசு கஷ்டப்படும் என்று விட்டிருந்தான். இப்போது ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டான்.

சீனிவாசகம் துண்டால் கண்ணைத் துடைத்தார். "பதினொரு எடம் பாத்துட்டமுங்க. எல்லா எடத்துலயும் ஒரு கதை சொல்லுவாங்க. ராஜா, ராணி, சாபம்னு. எதுவும் நம்பற மாதிரி இருக்காது. இது உருக்கிடுச்சுங்க." அண்ணாச்சியின் கையைப் பிடித்தார். "அடுத்த வருசத்துக்கும் நீங்களே அடிச்சுருங்க. இருவது ஆயிரம் காலண்டர் கூடப் போடுங்க." அண்ணாச்சி திகைத்துப்போய்த் தலையாட்டினார். பிறகு முனியராஜின் தோளில் கையை வைத்தார். வேலை போகவில்லை என்பது அந்தக் கையின் கனத்தில் தெரிந்தது.

அப்போதுதான் சீனிவாசகத்தின் மனைவி போனைத் தூக்கிப் பிடித்தார். "ஏனுங்கக்கா, நான் ஆன் பண்ணாம விட்டுட்டனுங்க. மொதல்ல இருந்து இன்னொருக்காச் சொல்றீங்களா? வீடியோ எடுத்துக்கறேன். எங்க அம்மாவுக்குக் காட்டோணும்."

முனியராஜுக்குச் சுரீர் என்றது. இத்தனை நாள் பொத்திவைத்த பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது. ஆர்டர் போனால் போகட்டும், அண்ணாச்சி போனால் போகட்டும் என்று இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றான்.

"நேரம் முடிஞ்சிருச்சுங்க" என்றான் உரக்க. "பார்வையாளர் நேரம் முடிஞ்சிருச்சு. எல்லாரும் வெளிய வாங்க."

அண்ணாச்சி, "ஏலே..." என்று பல்லைக் கடித்தார். சீனிவாசகமோ துளியும் கோபப்படவில்லை. மணியைப் பார்த்தார், பணிவாகத் தலையசைத்தார். "சரிங்க, சரிங்க. எல்லா எடத்துலயும் டைம் உண்டுங்களே." மனைவியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். நேரம் வைத்து மூடுகிற இடம் என்றதும் ஊரின் மேல் அவருக்கிருந்த மரியாதை இன்னும் கூடிவிட்டது. போகும்போது சங்குசக்கரம் நாலு பாக்கெட் வாங்கிக்கொண்டார்.

கார்கள் போயின. தவில்காரர் தவிலை முழக்கிக் குதிரையை நடத்திக்கொண்டு போனார். பாண்டிச்செல்வி தொப்பியைக் கழற்ற மனமில்லாமல் கரையில் நடந்துகொண்டிருந்தாள். பாண்டி போர்டைப் பிடுங்க ஆரம்பித்தான்.

முனியராஜ் மதினியிடம் வந்தான். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவு அவன் முகத்தில் இருந்தது. "அந்தம்மா கேட்டதுக்கு நீங்க வருத்தப்படாதீக மதினி. அவுகளுக்கு எல்லாமே வேடிக்கைதான். அதான் மூடிட்டேன்."

அய்யம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு மூடின?"

"இல்ல மதினி, இன்னொரு தடவ சொல்லச் சொல்லி..."

"சொல்லியிருப்பேன்ல" என்றாள். "எட்டு வருசமாச்சு முனியா. இந்த ஊர்ல ஒரு ஆளு என்னைய என்ன நடந்துச்சுன்னு கேட்டிருக்கா? எல்லாரும் பாத்தாப் பாவம்னு தலையத் திருப்பிக்கிட்டுப் போறீக. அந்த மனுசன் கேட்டாரு. அந்தம்மா ரெண்டாந்தரமும் கேட்டுச்சு."

முனியராஜ் ஒரு அடி கிட்டே வந்தான். "நான் கேக்கேன் மதினி. எங்கிட்டச் சொல்லுங்க."

"நீதான் இப்பக் கேட்டுட்டியே" என்று அவள் லேசாகச் சிரித்தாள். பிறகு கார் போன ரோட்டைப் பார்த்தாள். "ஏம்ப்பா, அடுத்த மாசம் வேற யாரும் வருவாகளா?"

முனியராஜ் கரைக்குப் போய், பிடுங்கிய போர்டை மறுபடியும் நடச் சொல்லிப் பாண்டியிடம் சொன்னான்.